ஓடுபவரின் நேரமும் வீட்டின் கணக்கும்: வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் பொழுதுபோக்கு ஓட்டம்

1. பொருளும் எல்லையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலோ போய் நின்றால், எதிரே ஓடி வருகிறவர்களில் பலர் நடுவயதைத் தொட்டவர்களாக இருப்பார்கள். பதக்கம் வாங்கிப் பிழைக்கப் போகிறவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ கடையிலோ இருந்தாக வேண்டியவர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெற்றோரோ மாமனார் மாமியாரோ இருப்பார்கள். இக்கட்டுரை இவர்களைப் பற்றியது.

காவலர் தேர்வுக்காக மைதானத்தில் ஓடும் இளைஞர்களை இங்கே சேர்க்கவில்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால்தான் வேலை என்னும்போது, அவர்களுக்கு ஓட்டமே வேலைதேடல். அதற்கான நேரத்தை வீடே ஒதுக்கிக் கொடுத்துவிடும். யாரும் கேட்காமல், எந்தக் கட்டாயமும் இல்லாமல் ஓடுகிறவருக்குத்தான் நேரம் ஒரு சிக்கலாகிறது.

ஓட்டம் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி இதயத்துக்கு என்ன நன்மை, எந்த ஷூ வாங்கலாம், எதைச் சாப்பிட்டுவிட்டு ஓடலாம் என்பவற்றைச் சுற்றியே போகிறது. நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்ற பழமொழியோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பழமொழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓடுபவர் வெளியே போயிருக்கும் ஒரு மணி நேரமும் வீட்டு வேலை நின்றபாடில்லை. அதை வேறு ஒருவர் செய்கிறார், அல்லது ஓடுபவரின் தூக்கம் அதற்கு ஈடு கட்டுகிறது. பொழுதுபோக்கு ஓட்டத்துக்கான நேரம் இன்னொருவர் கணக்கிலிருந்து வாங்கிய கைமாற்று. யாரிடம் வாங்கினோம், எவ்வளவு, எப்படித் திருப்புவது என்று பார்த்த பிறகுதான் பயிற்சி அட்டவணைக்கு வர வேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

2. பிழைப்பை விடாமல் ஓடியவர்கள்

ஓட்டத்தைப் பொதுமக்கள் பழக்கமாக்கிய முறை, கையில் நேரம் நிறைந்து கிடந்தவர்களிடமிருந்து வந்ததில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து ஆர்தர் லிடியார்ட் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதோடு வீடு வீடாகப் பால் ஊற்றும் வேலையும் செய்தார். இவ்விரண்டுக்கும் நடுவே தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஓடிப் பார்த்து ஒரு பயிற்சி முறையை வகுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கியபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

நமக்கு வேண்டிய லிடியார்ட் அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறார். 1962இல், நடுவயதைக் கடந்த, இதயக் கோளாறு கண்ட ஆக்லாந்துக்காரர்களைச் சேர்த்து மெல்ல ஓட வைத்தார். ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் அப்படித்தான் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் அங்கே போன அமெரிக்க ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன், தன்னைவிட மிக மூத்த ஒருவரோடு ஓட முடியாமல் பின்தங்கினார். ஊர் திரும்பி அந்த வழக்கத்தைப் பரப்பினார். 1967இல் வெளிவந்த அவருடைய 'ஜாகிங்' நூல் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைத் தெருவில் இறக்கிவிட்டது. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச்சு தடைப்படாத வேகம் என்ற அளவுகோல் அந்தக் காலத்துக் கொடை. ஐந்து பைசா செலவில்லாத அந்த அளவுகோலைக் கையில் கட்டும் எந்தக் கடிகாரமும் இன்றுவரை மிஞ்சிவிடவில்லை.

நம் காலத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜப்பானின் யூகி கவாவுச்சி. சைதாமா மாநில அரசு ஊழியர்; மாலை நேர உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அலுவலகப் பணி. பிற்பகல் தொடங்கி இரவு ஒன்பது மணிக்கு மேல் முடியும் வேலை என்பதால் காலையில்தான் பயிற்சி. ஜப்பானில் நிறுவன அணிகளில் சேர்ந்த ஓட்டக்காரர்கள் நாளுக்கு இரண்டு முறை ஓடுவார்கள். இவருக்கு வாய்த்தது ஒரு முறைதான். கடும்பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாததால், வார இறுதியில் நடக்கும் போட்டிகளையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் மழையிலும் குளிரிலும் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தபோதும் அவர் அரசு ஊழியர்தான். வேலையை விட்டுத் தொழில்முறை ஓட்டக்காரரானது 2019இல்.

எழுத்தாளர் ஹாருகி முரகாமி ஓட்டக் குழுக்களில் அடிக்கடி அடிபடும் இன்னொரு பெயர். 2007இல் அவர் எழுதிய ஓட்ட நினைவுக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஷூ வாங்கியவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவரை முன்மாதிரியாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம். நடத்திவந்த ஜாஸ் மதுக்கடையை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளரான பிறகு, 1982இல்தான் அவர் ஓடத் தொடங்கினார். தன் நேரத்துக்குத் தானே எஜமான். வேனில் ஏற்றிவிட வேண்டிய பிள்ளையும் இல்லை. கவாவுச்சியும் சம்பளத்துக்கு உழைத்த ஆண்டுகளில் தனியாள்தான். லிடியார்ட் குடும்பஸ்தர். அவர் ஓடிய மைல்கள் பதிவாகியிருக்கின்றன. அந்நேரம் வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் மணிகளை ஓட்ட நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

3. எவ்வளவு ஓடினால் போதும்

வீட்டில் நேரம் கேட்பதற்கு முன் எவ்வளவு கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் கேட்பதுதான் பாதிச் சண்டைகளுக்குக் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பு என்கிறது. ஓட்டம் இரண்டாவது வகை. ஆக, வாரம் மூன்று முறை 25 நிமிடம் ஓடினாலே கீழ் எல்லையைத் தொட்டாயிற்று.

அதைவிடக் குறைவாக ஓடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஓடுகிறவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு, ஓடாதவர்களைவிட 30 விழுக்காடு குறைவு. இதய, ரத்தநாள நோயால் இறக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவு. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களிடமே இந்தப் பலன் தெரிந்தது. இது கவனித்து எழுதிய ஆய்வு, ஆட்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்துச் சோதித்தது இல்லை. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே ஓட வருகிறார்கள் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. அதைக் கழித்தாலும், உடல்நலத்துக்காக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று வீட்டில் சொல்பவரின் வாதம் நிற்காது. உடல்நலத்துக்கு அது தேவையில்லை. ஆசைக்காக ஓடுகிறேன் என்று சொல்லிவிடுவது நேர்மை. ஆசைக்கு நேரம் கேட்பதில் தப்பும் இல்லை.

வேலைப்பளு கூடும் மாதங்களில் எதைக் குறைக்கலாம் என்பதற்கு அமெரிக்கர் ராபர்ட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் இன்றும் கைகொடுக்கின்றன. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களை அதன்பின் குறைத்துக்கொள்ளச் சொன்னார். ஆறு நாளை நான்காகவும் இரண்டாகவும் குறைத்தவர்களுக்கு 15 வாரம் கழித்தும் உடம்பு பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் உச்சத் திறன் இறங்கவில்லை. நாற்பது நிமிடத்தை 26ஆகவும் 13ஆகவும் சுருக்கியவர்களுக்கும் அப்படியே. வேகத்தையும் கடுமையையும் குறைத்தவர்களுக்கு மட்டும் திறன் சரிந்தது. நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வேகத்தை விடக்கூடாது என்று இதைச் சுருக்கலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மாட்டிக்கொண்ட தணிக்கையாளருக்கும், குழந்தை பிறந்த வீட்டுத் தகப்பனுக்கும் இதைவிட ஆறுதலான ஆய்வு முடிவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

4. கதவிலிருந்து கதவு வரை

ஓடுபவரும் வீட்டாரும் ஒரே ஓட்டத்தை வேறு வேறாக அளக்கிறார்கள். ஓடுபவர் கடிகாரத்தை அழுத்திய நொடியிலிருந்து நிறுத்திய நொடி வரை கணக்கு வைக்கிறார். வீடு, அவர் கதவைத் திறந்துகொண்டு போனதிலிருந்து குளித்து முடித்து ஒரு வேலைக்குக் கைகொடுக்கும் நிலைக்கு வரும்வரை கணக்கு வைக்கிறது. வீட்டின் கணக்கே சரி என்பது என் தீர்ப்பு.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற சாதாரண வேகத்தில் வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஓட்டம் 210 நிமிடம். நான்கு நாள் ஓடுகிறார் என்றால், ஒவ்வொரு நாளும் உடை மாற்றுவது, கைகால் நீட்டுவது, வேர்வை அடங்கக் காத்திருப்பது, குளிப்பது என்று 40 நிமிடம் சேரும். மொத்தம் 370 நிமிடம், ஆறு மணி நேரத்துக்கு மேல். முழு மாரத்தானுக்காக வாரம் 55 கிலோமீட்டர், ஐந்து நாள் என்று ஏறினால் 585 நிமிடம். பத்து மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு. ஒரு முழு வேலை நாளை விழுங்கிவிடுகிறது. ஞாயிறு மதியம் போடும் தூக்கத்தை இதில் சேர்க்கவில்லை.

நீண்ட ஓட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 28 கிலோமீட்டருக்கு 196 நிமிடம். நாலரைக்குத் தொடங்கினால் ஏழே முக்காலுக்கு முடியும். வேளச்சேரியிலிருந்து பெசன்ட் நகருக்கு வண்டியில் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முடிந்ததும் யாரும் உடனே கிளம்புவதில்லை. குழுவாகப் படம் எடுக்க வேண்டும். பக்கத்து ஓட்டலில் பொங்கல் வடையும் ஃபில்டர் காபியும் வரும். முட்டிவலி பற்றியும் ஷூ தள்ளுபடி பற்றியும் பேச்சு ஓடும். வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்பதே கால். நாலு மணிக்கு எழுந்தவர் ஐந்து மணி நேரம் கழித்துக் கையில் ஒரு பார்சலோடு வருகிறார். அந்தக் காபி ஓட்டத்தின் ருசியில் பாதி என்பதை மறுக்கவில்லை. அதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. வாசலில் இறங்கி ஓடத் தொடங்குவதைப் போல நேரத்தை மிச்சப்படுத்துவது வேறில்லை. கடற்கரைக் காற்று இல்லை என்றாலும், தெருவைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஐம்பது நிமிடத்தில் வீடு திரும்பலாம். இதற்குத் தெருவிளக்கும் உடைபடாத நடைபாதையும் வேண்டும். தெருநாய்த் தொல்லை இல்லாதிருக்க வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை, அதன் அருகில் குடியிருப்பவருக்கு மட்டுமே நேரத்தை மிச்சமாக்கும். வார்டுக்கு ஒரு சுற்று, அது ஒரு கிலோமீட்டராக இருந்தாலும், குடும்பஸ்தருக்கு அதிகம் உதவும்.

5. அந்த நேரம் யாருடையது

5.1 அடுப்படி

நகரத்து வீட்டில் காலை ஐந்திலிருந்து ஏழரை வரை நடப்பதைக் கவனித்தால் ஓட்டத்துக்கு உகந்த நேரமும் வீட்டின் நெருக்கடி நேரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவது தெரியும். ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் வருகிறது. மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தரைக்குக் குக்கர் ஏறுகிறது. ஒரு பக்கம் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு எலுமிச்சை சாதம், இன்னொரு பக்கம் காலைக்கு இட்லி, நடுவில் பெரியவருக்குச் சர்க்கரையில்லாத காபி. ஆறேகாலுக்குப் பிள்ளையை எழுப்பும் முதல் முயற்சி, ஆறரைக்கு இரண்டாவது. சாக்ஸில் ஒன்றைக் காணோம். டைரியில் கையெழுத்து வாங்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வரும். ஏழு பத்துக்குத் தெருமுனையில் வேன் நிற்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது.

ஓடப் போனவர் ஆறே முக்காலுக்கு வேர்வையோடு உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்காரும்போது வீட்டில் எழும் எரிச்சல் ஓட்டத்தின் மேல் எழுவதன்று; அந்த நேரத்தின் மேல் எழுவது. இதே ஆள் ஐந்துக்குக் கிளம்பி ஐந்து ஐம்பதுக்கு வந்து, டப்பா கட்டும் வேலையை எடுத்துக்கொண்டால் அதே ஓட்டத்துக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த எரிச்சலுக்கு எண்ணில் பதில் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்வதில் பெண்கள் 137, ஆண்கள் 75 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் வீட்டு வேலைக்கான எண்கள் 299, 97. ஐந்தாண்டில் இருபாலருக்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே நிற்கிறது. ஆண் ஒருவர் ஓட எடுக்கும் நேரம் பெரும்பாலும் எங்கிருந்து வரும் என்று ஊகிக்க இதற்கு மேல் ஆய்வு வேண்டியதில்லை.

பெண் ஓட விரும்பும்போது வரிசை தலைகீழாகிறது. அவர் கதவைத் திறக்கும் முன் முந்தின இரவே காய் நறுக்கி, மாவு எடுத்து வெளியே வைத்து, சீருடையைத் தேய்த்துவைத்திருப்பார். ஆண் ஓடப் போகும்போது விட்டுச்செல்லும் வேலையைப் பெண் முன்கூட்டியே முடித்துவிட்டுப் போகிறார். வீடு அதைத் தியாகமாக எண்ணுவதில்லை, ஏற்பாடாகத்தான் எண்ணுகிறது. அதோடு இருட்டு. ஐந்து மணித் தெருவில் ஆண் தனியாக ஓடுவான். பெண் துணை தேடுகிறார், வெளிச்சமுள்ள சாலையைத் தேடுகிறார், அல்லது விடியும்வரை காத்திருக்கிறார். சென்னையில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். அதற்குப் பிறகு ஓடினால் வேன் போய்விடும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான் என்பதைப் பழங்கதையாகச் சொல்கிறோம். நம் தெருக்களில் அந்தத் தாமதம் இன்னும் தீரவில்லை.

5.2 உறக்கம்

அடுப்படியில் கடன் வாங்காதவர் தூக்கத்தில் வாங்குகிறார். வளர்ந்தவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. நாலேகாலுக்கு எழ வேண்டுமானால் ஒன்பதேகாலுக்குப் படுத்திருக்க வேண்டும். நம் நகர வாழ்வில் ஒன்பதேகால் என்பது இரவுச் சாப்பாட்டு நேரம். பிள்ளையின் வீட்டுப்பாடம், அலுவலகத்திலிருந்து வரும் கடைசி அழைப்பு, கணவன் மனைவி தனியாகப் பேச வாய்க்கும் அரைமணி எல்லாம் அதற்குப் பிறகுதான். பதினொன்றுக்குப் படுத்து நாலேகாலுக்கு எழுவது ஒரு வாரம் தாங்கும். அதன்பின் முதலில் கெடுவது ஓட்டமில்லை, பொறுமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தை மேல் சிடுசிடுக்கிறவருக்குக் காலை ஓட்டத்தால் மனம் இலேசானது என்று சொன்னால் குழந்தை நம்பாது. வாரத்தில் எத்தனை நாள் ஓடலாம் என்பதை எத்தனை இரவு பத்து மணிக்குள் படுக்க முடியும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு என்றால் இரண்டு.

5.3 அலுவலகம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஓடுபவரின் கையில் இருப்பது இங்கே குறைவு. நாட்டின் வேறு பகுதிகளில் சொல்லப்படும் மதிய இடைவேளை ஓட்டம் சென்னை வெயிலுக்கு ஆகாது. அலுவலகத்துக்கு ஓடியே போவது, குளிக்க இடமில்லாதவரை வீண்பேச்சு. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் பிற்பகல் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் ஷிப்டில் இருப்பவர் விடியற்காலை ஓட்டத்தை மறந்துவிடுவது நல்லது. பிள்ளையை வேனில் ஏற்றிய பின் எட்டு மணிக்கு, நிழலுள்ள பூங்காவில், வேகத்தைக் குறைத்து ஓடலாம். கோடையில் ட்ரெட்மில்லுக்கு மாறலாம். கவாவுச்சியின் வேலை நேரமும் ஏறக்குறைய இதுதான் என்பதை ஷிப்டுக்காரர்கள் நினைவில் வைக்கலாம். சைதாமாவில் மே மாத வெயில் நம்மூர் மே மாத வெயில் இல்லை என்பதையும் சேர்த்து.

6. பஞ்சாங்கமும் பயிற்சியும்

பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் 16 வாரம் என்றால் 16 ஒரே மாதிரியான வாரம். நம்முடைய 16 வாரத்துக்குள் என்னென்ன இருக்கிறது?

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடப்பது வழக்கம். காலநிலைக்கு அது சரியான தேர்வு. மார்கழிக் காலை, ஓரளவு குளிர்ந்த காற்று. ஆனால் 16 வாரம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுவில் போய் நிற்கும். அங்கிருந்து நவராத்திரி, கொலு, வீட்டுக்கு வருவோர் போவோர். அடுத்துத் தீபாவளி: ஊருக்குப் பயணம், பலகாரம், துணிக்கடை. அக்டோபர் பின்பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. முழங்கால் தண்ணீரில் திறந்த மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஓடுவது வீரம் ஆகாது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மிக நீண்ட ஓட்டங்கள் விழும் அதே வாரங்களில், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாவது ஞாயிறு. தமிழ்க் குடும்பத்துக்கு அது பொங்கலை ஒட்டியோ அதன் நடுவிலோ விழும். பொங்கலுக்கு ஊருக்கு வராமல் மும்பைக்குப் போன மருமகனைப் பற்றி மாமனார் வீட்டில் பல ஆண்டு பேசுவார்கள்.

கோடையில் பயிற்சி எடுத்து ஆகஸ்டில் ஓடலாமே என்றால், ஏப்ரலும் மேயும் வருகின்றன. பள்ளி விடுமுறை என்பதால் காலை நெருக்கடி தளரும். வேன் கிடையாது, டப்பா கிடையாது. நேரம் இருக்கிறது, வெயில் விடுவதில்லை. விடியலுக்கு முன் வெப்பம் குறைந்தாலும் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வேர்வை ஆவியாகாமல் வழிந்தே போவதால் உடல் குளிர்வதில்லை. குடும்பத்துக்கு ஏற்ற காலமும் உடம்புக்கு ஏற்ற காலமும் கடலோரத் தமிழகத்தில் ஒத்துப்போவதே இல்லை. மதுரை, கோவை போன்ற உள்மாவட்ட நகரங்களில் காலைப் புழுக்கம் சற்றுக் குறைவு என்பதால் அங்குள்ளவர்கள் கோடை விடுமுறையை இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 10 கிலோமீட்டரே உகந்த தூரம் என்று இக்கட்டுரை கருதுகிறது. எட்டு வாரம் போதும். மழை ஒரு வாரத்தைத் தின்றாலும் தாங்கும். மிக நீண்ட ஓட்டமே ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அரை மாரத்தான் ஆண்டுக்கு ஒன்று எட்டக்கூடியது. முழு மாரத்தானை வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, இந்த ஆண்டு இவருடைய ஆண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே தொட வேண்டும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் ஆண்டு அந்த ஆண்டாக இருக்க முடியாது.

7. வாரத்தை அடுக்கும் முறை

பல வீடுகளில் அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, கரண்ட் பில் கடைசி நாள் எல்லாம் அதன் கட்டங்களில் பேனாவால் எழுதியிருக்கும். ஓட்ட நாளும் அங்கேதான் ஏற வேண்டும். கைபேசிச் செயலியில் இருக்கும் அட்டவணை ஓடுபவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். காலண்டரில் ஏறினால் வீட்டார் எதிர்க்கலாம், மாற்றச் சொல்லலாம், தங்கள் தேவையை அதே கட்டத்தில் எழுதலாம்.

வாரத்துக்கு மூன்று ஓட்டம் என்று கொள்வோம். வேலை நாட்களில் இரண்டு, வாசலிலிருந்தே, கதவிலிருந்து கதவு வரை ஒரு மணி நேரத்துக்குள். அவற்றில் ஒன்றில் வேகம் இருக்க வேண்டும். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, பேச முடியாத வேகத்தில் மூன்று மூன்று நிமிடமாக நான்கைந்து தடவை. ஹிக்சன் சொன்னதை இந்த ஒரு நாள் நிறைவேற்றிவிடும். இன்னொன்று சும்மா, பேச்சு தடைப்படாமல். மூன்றாவது வார இறுதி நீண்ட ஓட்டம். அதைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடிந்தவர்கள் மாற்றிவிடுவது நல்லது. ஞாயிறு காலை முழுதாக வீட்டுக்குக் கிடைக்கும். குழுவோடு காபி மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் காலண்டரில்.

குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல் அடித்தால் மறுநாள் ஓட்டம் இல்லை. அதை வேறு நாளுக்கு நகர்த்துவதும் இல்லை. விட்டுப்போனதை ஈடுகட்டுவதற்காக வியாழன், வெள்ளி, சனி என்று தொடர்ந்து ஓடுவதில்தான் காலும் வீடும் சேர்ந்து காயப்படுகின்றன. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போது வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்ற விதி எங்கும் சொல்லப்படுகிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து இந்த விதியைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, விதியைப் பின்பற்றியவர்களிலும் மற்றவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதிக்கு மந்திர சக்தி இல்லை. மெதுவாகத் திரும்புவதற்கு வேறு காரணம் உண்டு: காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்வதும் வீட்டின் வேலைப் பட்டியலில்தான் சேரும்.

கைமாற்றைத் திருப்புவது பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஓடுகிறேன், நீ உனக்குப் பிடித்ததைச் செய் என்று சொல்வது திருப்பியதாகாது. பிடித்ததைச் செய்ய அவருக்கும் யாராவது வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடியவர் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எடுத்தால், அதே வாரத்தில் இரண்டு மணி நேரம், கைபேசி இல்லாமல், யாரும் எதுவும் கேட்டு எழுப்பாதபடி வீட்டின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்வதே திருப்புதல். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த இரண்டு மணி நேரம் செல்லாது.

8. இருவரும் ஓடும் வீடு

கணவன் மனைவி இருவரும் ஓடும் வீடுகள் கூடிவருகின்றன. வெளிப்பார்வைக்கு இது சிக்கல் தீர்ந்த வீடு. உள்ளே பார்த்தால் சிக்கல் இரட்டிப்பு. இருவரும் ஒரே காலையைக் கேட்கிறார்கள்.

பெரியவர்கள் கூட இருக்கும் வீட்டில் வார இறுதியில் சேர்ந்து ஓடலாம். ஆனால் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் நேரமும் நேரம்தான். அவருக்கும் காலை நடை இருக்கும், கோயில் இருக்கும். தனிக்குடித்தனத்தில் ஒருவர் செவ்வாய், வெள்ளி, மற்றவர் திங்கள், வியாழன் என்று மாறி மாறி ஓடுவதே எளிது. அடுக்குமாடி வளாகத்தில் இருப்பவர்கள் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள்: வளாகத்துக்குள்ளேயே சுற்றுவது. ஒரு சுற்று நானூறு மீட்டர்கூட இருக்காது, சலிப்பு வரும், காவலாளிக்கு நம்மைப் பார்த்துத் தலை சுற்றும். ஆனாலும் தூங்கும் குழந்தையின் அறை ஜன்னல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் படும். ஒருவர் மேலே இருக்க மற்றவர் அரைமணி ஓடிவிட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளலாம்.

பந்தயங்களையும் குடும்பத்தை மனத்தில் வைத்து நடத்த முடியும். இங்கிலாந்தில் 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹெவிட் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நேரம் மாறுவதில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம். ஓடாத துணைவர் அன்றைக்குத் தன்னார்வலராக நின்று நேரம் குறிக்கலாம். சிறுவர்களுக்குத் தனியாக 2 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. பதக்கம், டி-ஷர்ட், விடிவதற்கு முன் தொடக்கம் என்று எதுவும் கிடையாது. நம் ஊர்ப் பந்தயங்களில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தை விளையாட்டுக்கு வைத்த ஒப்புக்குச் சப்பாணியாக நடத்துகிறார்கள். முழுத்தூரக்காரர்கள் போய்ப் பல மணி கழித்து, வெயில் ஏறிய பின், பாட்டுச் சத்தத்தோடு விடுவார்கள். அந்த வரிசையைத் திருப்பி, சிறுவர்களையும் பெற்றோரையும் குளிர்ந்த வேளையில் முதலில் ஓடவிட்டால், ஓடி முடித்த அவர்களே மற்றவர்களுக்காக நிற்பார்கள்; தண்ணீர் மேசைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.